வெள்ளை நாய்க்கு கண்ணோரம் கறை, வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி. பாளையங்கோட்டையில இருக்கோம். வீட்டுல 2 வயசு வெள்ளை பொமரேனியன், பேரு பஞ்சு. மூணு மாசமா மூக்குக்கு ரெண்டு பக்கமும் வெத்தலை எச்சி வடிஞ்ச மாதிரி செம்பழுப்புக் கோடு. காலையில பார்த்தா முடியெல்லாம் ஈரத்துல ஒட்டிக் கிடக்கு, கிட்ட போனா ஒரு வாடை வேற.

கண்ணீர்ல உள்ள போர்ஃபிரின்ங்கிற நிறமி படிஞ்சுதான் இந்த நிறம்னு தெரியும். தினம் ரெண்டு வேளை வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சு நனைச்சு (பஞ்சுக்கே பஞ்சு!) துடைச்சு, காஞ்ச துணியால ஒத்தி எடுக்கேன். போர் தண்ணிதான் காரணம்னு அத்தை சொல்லுதாவ. எனக்கு நம்பிக்கை இல்ல, ஏன்னா வலது கண்ணுலதான் ரொம்ப வடியுது. கண்ணு சிவக்கல, மஞ்சப் பூளையும் இல்ல. கண்ணீர்க் குழாய் அடைப்பா, இமைமுடி உள்ள குத்துதான்னு சந்தேகம். கடையில ஒருத்தர் ஆன்டிபயாடிக் பொடி தந்தாரு, டாக்டர் சொல்லாம குடுக்க மனசு வரல.

கண்ணுல சாயச் சொட்டு விட்டு மூக்கு வழியா வருதான்னு பார்ப்பாங்களே, ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில யாராவது அதைச் செஞ்சு பார்த்திருக்கியளா? காலையில எத்தனை மணிக்குப் போனா கூட்டம் இருக்காது? கண்ணுக்குக் கீழ முடி வெட்ட மொட்டை முனைக் கத்தரி டவுன்ல எங்க கிடைக்கும்? இவன் தலையை ஆட்டுற ஆட்டுக்கு என் கை நடுங்குது.