அலபாமா ஒரு பேண்டா, மூன்று குரல்களா?

ஆறாம்தந்தி:
அமெரிக்கக் கன்ட்ரி இசைக் குழுவான அலபாமாவின் 80களின் ஆல்பங்களை இந்த வாரம் வரிசையாகக் கேட்டேன். தொடர்ந்து 21 பாட்டுகள் கன்ட்ரி தரவரிசையில் நம்பர் 1, 1982, 83, 84 என மூன்று வருடமும் சிஎம்ஏவின் (கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன்) 'எண்டர்டெய்னர் ஆஃப் த இயர்' விருது, 2005இல் கன்ட்ரி இசையின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். கன்ட்ரியில் பேண்ட் என்றாலே இவர்களைத்தான் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ராண்டி ஓவன், டெடி ஜென்ட்ரி, ஜெஃப் குக் மூவரும் அந்த ஆல்பங்களில் பாடினார்கள், சரி. வாத்தியம் பெரும்பாலும் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் ஸ்டுடியோ கலைஞர்கள் வாசித்தது. கவரில் நான்கு பேர் நிற்பார்கள், டிரம்ஸ்காரர் மார்க் ஹெர்ண்டன் உட்பட, ஆனால் உள்ளே இருக்கும் தாளம் பெரும்பாலும் வேறு ஒருவருடையது. தன் பாட்டைத் தானே வாசிக்காத குழுவை ஏன் பேண்ட் என்று சொல்ல வேண்டும்?

மேற்குமலை:
நீங்கள் 1980இலிருந்து தொடங்குகிறீர்கள், தப்பு அங்கேதான் இருக்கிறது. 1973இல் தென் கரோலினாவின் கடற்கரை ஊரான மர்ட்டல் பீச்சுக்குப் போய் 'தி பவரி' என்ற பாரில் வாசிக்கத் தொடங்கினார்கள். சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லை, கேட்பவர்கள் போடும் டிப்ஸ்தான் வருமானம். வாரத்தில் ஆறு இரவு, அதுவும் ஒரு கோடைக்காலம் இரண்டு கோடைக்காலம் இல்லை, கிட்டத்தட்ட 1980 வரை. குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் எந்தப் பாட்டைக் கேட்டாலும் வாசித்தாக வேண்டும், ராக் கேட்டால் ராக், பழைய கன்ட்ரி கேட்டால் அது. இடையில் 1977இல் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனியில் கையெழுத்துப் போட்டார்கள், அது திவாலானது, வேறு எங்கும் பதிவு செய்ய முடியாதபடி ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அதிலிருந்து வெளியே வரப் பணம் சேர்க்க இரண்டு வருடம் ஆனது. இத்தனை வருடம் மேடையில் ஒன்றாக நின்று உழைத்தவர்களைப் பார்த்து பேண்ட் இல்லை என்கிறீர்களே, எனக்கு மனசு கேட்கவில்லை.

அப்புறம் அந்தக் குரல்கள். ராண்டியும் டெடியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள், அலபாமா மாநிலத்து ஃபோர்ட் பெய்ன் பக்கம் லுக்அவுட் மலையில் வளர்ந்தவர்கள், ஜெஃப் தூரத்துச் சொந்தம். மூன்று பேரும் சேர்ந்து பாடும்போது எந்த இடத்தில் ஒருவர் மூச்சு எடுப்பார் என்பது மற்ற இருவருக்கும் தெரிந்திருக்கும். அதை எந்த ஸ்டுடியோவிலும் வாடகைக்கு எடுக்க முடியாது.

ஆறாம்தந்தி:
குரல்களை நான் குறை சொல்லவே இல்லை. 'மவுண்டன் மியூசிக்' பாட்டின் ஹார்மனி இன்றைக்கும் என்னை உட்கார வைக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் பவரி அனுபவம்தான் என் கேள்வியை இன்னும் பெரிதாக்குகிறது. ஏழு வருடம் இரவு இரவாக வாசித்துப் பழகிய கைகளை ஏன் ரெக்கார்டில் கேட்க விடவில்லை? ஒரு பார் பேண்டின் அழுக்கும் வியர்வையும் அந்த ஆல்பங்களில் எங்கே? எல்லாம் துடைத்து மெழுகியது போல இருக்கிறது.

பழையரேடியோ:
இருவருக்கும் இடையில் ஒரு விஷயம். 1980இல் நாஷ்வில்லில் புதுக் கலைஞர்களை அறிமுகப்படுத்தும் 'நியூ ஃபேசஸ்' நிகழ்ச்சிக்கு இவர்களை அழைத்தபோது சொந்த வாத்தியத்தை வாசிக்கவே விடவில்லை. ஸ்டுடியோ கலைஞர்களோடு சில நிமிட ஒத்திகை, உடனே மேடை. கெடுத்துவிட்டோம் என்றுதான் அவர்களே நினைத்தார்கள். மறுநாள் ஆர்சிஏ ரெக்கார்டு கம்பெனி ஆட்கள் வந்து பேசினார்கள். அந்த ஊரின் வழக்கம் அப்படி. முன்னால் ஒரு பாடகர், பின்னால் பெயர் தெரியாத வாத்தியக்காரர்கள். பேண்ட் என்பதே ராக்காரர்கள் சமாச்சாரம் என்று கம்பெனிகள் நினைத்த காலம். ஸ்டாட்லர் பிரதர்ஸ், ஓக் ரிட்ஜ் பாய்ஸ் எல்லாம் பாட்டுக் குழுக்கள்தானே. அந்த நிலைமையில் கிதாரை மாட்டிக்கொண்டு நான்கு பேராக நின்றதே பெரிய காரியம்.

ஆறாம்தந்தி:
இந்தத் தகவல் எனக்குப் புதிது, நன்றி. 1980இல் அவர்களுக்கு வேறு வழி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1984இல்? அப்போது நாட்டிலேயே பெரிய கன்ட்ரி குழு இவர்கள்தான், கேட்டதெல்லாம் கிடைத்திருக்கும். 1991இல் வந்த டயமண்ட் ரியோவைப் பாருங்கள், முதல் ஆல்பத்திலிருந்தே ஆறு பேரும் தாங்களே வாசித்தார்கள். புதுசாக வந்தவர்களுக்கு இருந்த பிடிவாதம் உச்சியில் இருந்தவர்களுக்கு ஏன் இல்லை? ஹெர்ண்டன் விஷயமும் அப்படித்தான். போஸ்டரில் நான்காவது ஆள், பிறகு பார்த்தால் அவர் சம்பளத்துக்கு இருந்தவர், பங்குதாரர் இல்லை என்று சொல்லி, 2008இல் கோர்ட் வரைக்கும் போனது. பேண்ட் என்ற சொல்லுக்கு அவர்களே கொடுத்த மதிப்பு இவ்வளவுதானா?

மேற்குமலை:
ஹெர்ண்டன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். இத்தனை வருடம் பின்னால் உட்கார்ந்து அடித்தவர், அந்த வழக்கு எனக்கும் வலித்தது. டயமண்ட் ரியோ பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். 1991இல் ஆறு பேர் கொண்ட ஒரு குழு கம்பெனிக்காரன் முன்னால் உட்கார்ந்து 'நாங்களேதான் வாசிப்போம்' என்று பேச முடிந்தது என்றால், பேண்ட் விற்கும் என்று அதற்குள் அலபாமா நிரூபித்திருந்ததுதான் காரணம். ரெஸ்ட்லெஸ் ஹார்ட், சாயர் பிரவுன் எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள்தான்.

ஒரு வேண்டுகோள். ஆல்பத்தை விடுங்கள், அவர்களுடைய பழைய மேடைப் பதிவுகளைப் பாருங்கள். ஜெஃப் குக் கிதாரைக் கழற்றிவிட்டு ஃபிடிலை (வயலினை) எடுக்கும் இடம் வரும், கூட்டம் எழுந்து நிற்கும். பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்து அந்தக் கைகளே நடுங்கின, 2022 நவம்பரில் போய்விட்டார்.

ஆறாம்தந்தி:
பார்க்கிறேன். என் கருத்து ஆல்பங்களைப் பற்றியது, அதில் மாற்றம் இல்லை. ஜெஃப் குக் வாசிப்பதை மேடையில் முழுதாகப் பார்த்ததில்லை என்பது உண்மை. 80களின் பதிவு எது நன்றாக இருக்கும்? டிவிக்காகச் சுருக்கியது வேண்டாம், முழுக் கச்சேரி இருந்தால் சொல்லுங்கள்.