வங்கி பி.ஓ. நேர்காணல்: மெக்கானிக்கல் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு வருகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

நாமக்கல் மெக் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் புரொபேஷனரி ஆஃபீசர் (பி.ஓ.) தேர்வில் பிரிலிம்ஸ், மெயின்ஸ் இரண்டிலும் தேறி, நேர்காணலுக்கான அழைப்புக் கடிதம் வந்திருக்கிறது. சென்னையில் நடக்கிறது, இன்னும் இருபத்திரண்டு நாட்கள் உள்ளன.

நான் 2021இல் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன். அப்பா லாரி டிரைவர். படிப்பு முடிந்த பிறகு எங்கள் ஊரில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டேதான் தேர்வுக்குத் தயார் செய்தேன். அந்த வேலைக்கு நியமனக் கடிதமோ சம்பளச் சீட்டோ எதுவும் கிடையாது. ஆகவே விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிடவில்லை. தாளில் பார்த்தால் நான் இத்தனை ஆண்டுகளும் சும்மா இருந்ததாகவே தெரியும். தெரிந்தவர் ஒருவர், தன் நண்பரின் பட்டறையிலிருந்து அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். பயிற்சி மையத்தில் நூற்றைம்பது கேள்விகளையும் அவற்றுக்கான விடைகளையும் அச்சடித்துக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுத வருகிறது. பேச ஆரம்பித்தால் மூன்றாவது வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மேலாளர் எழுதியது:

தம்பி, பொதுத்துறை வங்கியொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையிலும், நேர்காணல் குழுவில் சில முறை உட்கார்ந்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். அந்த அனுபவச் சான்றிதழை முதலில் மறந்துவிடுங்கள். பணியில் சேர்ந்த பிறகும் சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். பொய்யென்று தெரிந்தால் வேலையே போய்விடும். அதைவிட, உங்களிடம் உண்மையாகவே இருக்கும் அனுபவத்தை அது மறைத்துவிடும் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மதிப்பெண் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். மெயின்ஸின் 225 மதிப்பெண்களை 80ஆகவும், நேர்காணலின் 100ஐ 20ஆகவும் சுருக்கிக் கூட்டுகிறார்கள். நேர்காணலில் பொதுப்பிரிவினர் 40, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள் 35 எடுத்தால்தான் பட்டியலுக்கே போக முடியும். 40 எடுத்தவருக்கும் 60 எடுத்தவருக்கும் இறுதியில் 4 மதிப்பெண் வித்தியாசம் வரும். அதே 4ஐ மெயின்ஸில் ஈடுகட்ட வேண்டுமானால் 11க்கும் மேலாக எடுத்திருக்க வேண்டும். பதினைந்து நிமிடப் பேச்சுக்கு இது பெரிய விலைதான்.

அந்தப் பதினைந்து நிமிடத்தில் உங்கள் பாட அறிவை மறுபடி சோதிக்க எங்களுக்கு நேரமில்லை. அதைத்தான் எழுத்துத் தேர்வு பார்த்துவிட்டதே. நீங்கள் சொல்லும் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்போம். "நாமக்கல்" என்று நீங்கள் சொன்னதும் குழுவில் ஒருவராவது கோழிப்பண்ணையையோ லாரியையோ பிடித்துக்கொள்வார். முட்டைக்குப் பெயர்போன ஊர் என்பதோடு உங்கள் பதில் நின்றுபோனால், அவரும் அங்கேயே விட்டுவிட்டு ரெப்போ விகிதத்துக்கு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்கு, போய்விடுவார். ஒரு முறை நான் ஒரு பெண்ணிடம், "கோழிப்பண்ணைக்குக் கடன் கொடுத்தால் முதல் தவணையை எந்த மாதம் கேட்பீர்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, குஞ்சு இறக்கிய நாளிலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதம் தீவனச் செலவு மட்டும்தான், முட்டை அதற்குப் பிறகுதான், ஆகவே அதுவரை அசலைக் கேட்க மாட்டேன் என்றார். அதற்கு வங்கியில் மொராட்டோரியம் என்று பெயர்; அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

உங்களுக்கு லாரி இருக்கிறது. சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், கம்பெனியிலிருந்து வெறுமையாக வருகிறது, பாடியை உங்கள் ஊர்ப் பட்டறைகளில் கட்டுகிறார்கள். வங்கி இதில் எதற்கு எவ்வளவு கொடுக்கும், பணத்தை யார் கணக்குக்கு அனுப்பும்? கடன் தீரும்வரை வண்டி உரிமையாளர் கையிலேயே ஓடுகிறதே, வங்கிக்கு என்ன பிடி? வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஏறுகிறது, அதுதான் ஹைப்பாதிகேஷன். நகைக்கடனில் பொருளே பெட்டகத்துக்குள் வந்துவிடுவதால் அது ப்ளெட்ஜ். நிலத்தை ஈடாக வைத்தால் மார்ட்கேஜ். இந்த மூன்றையும் விளக்கச் சொல்வது நேர்காணலில் வழக்கமான கேள்வி. பயிற்சி மையத்துத் தாளிலும் இருக்கும். ஆனால் அப்பா ஓட்டும் வண்டியைக் காட்டி நீங்கள் சொல்லும்போது அது வேறு மாதிரிக் கேட்கும்.

புக்கிங் ஆபீஸ் வேலையையும் மறைக்க வேண்டாம். சான்றிதழ் இல்லை என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். வாடகையில் ஒரு பகுதி முன்பணமாக வரும். மீதி, சரக்கு இறங்கி கையெழுத்தான ரசீது திரும்பி வந்த பிறகுதான் கிடைக்கும். இடைப்பட்ட நாட்களில் டீசலுக்கும் டயருக்கும் உரிமையாளர் எங்கே போவார்? நடைமுறை மூலதனக் கடன் எதற்கு இருக்கிறது என்பதைப் புத்தகம் பார்க்காமல் சொல்லக்கூடிய இடத்தில் நீங்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

காவிரிக்கரை எழுதியது:

நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தேர்வாகி, இப்போது ஆந்திராவில் பணிபுரிகிறேன். மேலாளர் ஐயா சொன்னதில் எனக்கு உடன்பாடுதான். என்றாலும் நாட்டு நடப்பை அவர் சற்றுக் குறைத்துச் சொல்லிவிட்டாரோ என்று தோன்றுகிறது. ரெப்போ விகிதத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார்கள். ரிசர்வ் வங்கி என்றேன். அதற்குள் யார் என்று கேட்டார்கள். 2016இல் அமைந்த ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு என்பதும், பணவீக்கத்தை 4 சதவீதத்தில், அதிலிருந்து 2 புள்ளி ஏறியோ இறங்கியோ வைத்திருப்பதே அதற்குக் கொடுக்கப்பட்ட இலக்கு என்பதும் நினைவிலிருந்ததால் பிழைத்தேன். தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் வாராக்கடன் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். குறுகிய காலப் பயிர்க்கடனுக்கு மட்டும் இரண்டு பயிர்ப் பருவங்கள் தாண்ட வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வைப்புத்தொகைக் காப்பீடு 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் ரூபாய் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் முதல் விருப்பமாக எந்த வங்கியைப் போட்டீர்களோ, அதைப் பற்றிப் படித்துக்கொண்டு போங்கள். நான் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைப் போட்டிருந்தேன். 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் திறந்தார்கள் என்று சொன்னேன். உடனே, "ஏன் ரங்கூன்?" என்று கேட்டார் குழுத்தலைவர். பர்மாவில் நகரத்தாரின் வட்டித்தொழில் வேரூன்றியிருந்ததைச் சொன்னேன். மற்ற எந்தக் கேள்வியையும்விட அந்தப் பேச்சுதான் நீண்டது.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, நானும் தமிழ்வழிதான். கண்ணாடி முன்னால் பேசிப் பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அது பயன்படவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோதுதான் தவறு தெரிந்தது. "ஆக்சுவலி" என்று தொடங்காத வாக்கியமே என்னிடம் இல்லை; நீளமான வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு வினைச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எட்டு, பத்துச் சொற்களுக்குள் முடிக்கப் பழகினேன். தினமும் இரவு என் தங்கை ஏதாவது ஒரு கேள்வி கேட்பாள். பதிலிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்பாள். பத்தாவது நாளில் அவளுக்கே சலித்துவிட்டது, எனக்கு வாய் திறந்துவிட்டது.

வெளிமாநிலத்தில் போட்டால் போவீர்களா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். போக மனமில்லையென்றால் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். அரை மனதோடு சொல்லும் "யெஸ் சார்" குரலிலேயே தெரிந்துவிடும்.

"இரண்டாவது முறை" என்பவர் எழுதியது:

தோற்றவன் ஒருவனும் பேசலாம் அல்லவா? சென்ற முறை சுயவிவரப் படிவத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் செஸ் என்று எழுதினேன். குகேஷ் 2024 டிசம்பரில் டிங் லிரெனை வென்று உலக சாம்பியன் ஆனதெல்லாம் சரியாகச் சொன்னேன். அடுத்து, ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் சேர்த்து நகர்த்தும் காஸ்லிங்கை எப்போதெல்லாம் செய்யக்கூடாது என்று கேட்டார் குழுவில் இருந்த ஓர் அம்மையார். பள்ளிக்குப் பிறகு காய் தொட்டே ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. உளறினேன். தெரியவில்லை என்று அப்போதே சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்றைச் சொன்னதில் அதன் பிறகு கேட்ட எதற்கும் நிதானம் வரவில்லை.

சான்றிதழ்களையும் இன்றே எடுத்து மேசையில் பரப்பிப் பாருங்கள். நம் ஊர் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வரவில்லை என்ற குறிப்போடு ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அழைப்புக் கடிதத்தில் எந்தத் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். 8 லட்சம் வருமான வரம்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. இன்னொன்று, நமக்கே உரிய தலைவலியான இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்தும் ஆதாரில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால், இரண்டும் ஒருவரே என்பதற்கான ஆவணத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அன்று எனக்கு முன்னால் நின்றவரை இதற்காகத் தனியாக உட்கார வைத்து, உறுதிமொழி எழுதி வாங்கினார்கள். உள்ளே போகும்போது அவர் முகமே வெளிறிப்போயிருந்தது.

நாமக்கல் மெக் எழுதியது:

மூவருக்கும் நன்றி. என் ஓ.பி.சி. சான்றிதழ் பழையது, நாளைக் காலை இ-சேவை மையத்துக்குப் போகிறேன். பொழுதுபோக்கு என்ற இடத்தில் புத்தகம் படித்தல் என்று எழுதுவதாக இருந்தேன், அதை விட்டுவிட்டேன்.

ஏன் வங்கி என்பதற்கு இப்படி எழுதிப் பார்த்தேன்: "லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதியபோது, வண்டி நன்றாக ஓடியும் கையில் பணம் இல்லாமல் உரிமையாளர்கள் கந்துவட்டிக்குப் போவதைப் பார்த்தேன். வண்டியின் இயந்திரம் எனக்குத் தெரியும்; அதன் வரவுசெலவும் தெரியும். இரண்டும் தெரிந்தவர் கடன் மேசையில் இருப்பது பயன்படும் என்று நினைக்கிறேன்." இது போதுமா ஐயா?

ஓய்வுபெற்ற மேலாளர் எழுதியது:

போதும். "கந்துவட்டி" என்ற இடத்தில் ஒருவர் மடக்குவார்: வங்கி இருக்கும்போது ஏன் அங்கே போகிறார்கள் என்று கேட்பார். வங்கிகளைக் குறைசொல்லாமல், ஆனால் மழுப்பாமல், நீங்கள் கண்ணால் பார்த்த ஒரு காரணத்தைச் சொல்லுங்கள். இரண்டும் தெரியும் என்று சொல்லப்போகிறீர்கள். பன்னிரண்டு சக்கர வண்டி லோடோடு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று நானாக இருந்தால் உடனே கேட்பேன். அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல் மெக் எழுதியது:

இப்போதுதான் போனில் கேட்டேன் ஐயா. குவாஹாட்டி லோடு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார். மூன்றரையிலிருந்து நான்கு வரை வருமாம். மலைப்பாதை என்றால் அதுவும் கிடையாதாம். "பேங்க்ல இதையெல்லாமா கேக்குறாங்க?" என்று சிரித்தார்.