சைலண்ட் பிரின்சஸ் பூவை முதலில் எங்கே பார்த்தீர்கள்?

செல்டா வரிசை வீடியோ கேமான ‘ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ விளையாட்டை இரண்டாம் முறை ஆடிக்கொண்டிருக்கிறேன். 2017-ல் ஆடியபோது செய்த பாவம் ஒன்று பாக்கி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ககரிகோ ஊரிலிருந்து மேலே ஏறினால் தேவதை ஊற்று வருமே, அங்கேதான் முதலில் பார்த்தேன். நீலமும் வெள்ளையுமாக இதழ்கள், ஒல்லித் தண்டு. பார்த்த கையோடு பறித்தேன். சேர்ந்தவரை மொத்தத்தையும் சட்டியில் போட்டேன். கீரை வறுவல் மாதிரி ஏதோ வந்தது, தின்றால் காலடிச் சத்தம் குறையுமாம். பொக்கோப்ளின் என்ற அசுரர்களின் முகாம் ஒன்றுக்குள் பதுங்கிப் போவதற்காகத் தின்று தீர்த்தேன். கடைசி நொடியில் எதையோ இடித்து எல்லாரையும் எழுப்பிவிட்டது வேறு கதை.

அப்புறம், நாம் ஆடும் வீரன் லிங்க் கையில் வைத்திருக்கும் கருவியான ஷீக்கா பலகையில், மறந்த நினைவுகளைத் தேட 12 படங்கள் இருக்குமே, அதில் ஒன்றின் இடம் கிடைத்தது. நினைவுக் காட்சி ஓடுகிறது. இளவரசி செல்டா தரையோடு குனிந்து அதே பூவை லிங்க்குக்குக் காட்டுகிறாள். அழிந்துவரும் இனமாம். எவ்வளவு பாடுபட்டும் தோட்டத்தில் வளர்க்க முடியவில்லையாம், காட்டில்தான் பிழைக்குமாம். தானாகத் தழைத்தால்தான் உண்டு என்கிறாள். யாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடுத்த நிமிடமே ஒரு தவளையைப் பிடித்து லிங்க் முகத்துக்கு நேரே நீட்டி, தின்று பார் என்கிறாள்! சிரித்துவிட்டேன். ஆனால் பையைத் திறந்து பார்த்தால் பூ ஒன்றுகூட மிச்சமில்லை.

*

நீங்களாவது வறுவல் சாப்பிட்டீர்கள். நான் அந்தப் பூவோடு பொக்கோப்ளின் கொம்பையும் சேர்த்துப் போட்டேன். அசுரனின் கொம்பு, பல் எல்லாம் பூச்சி, பல்லி, தவளையோடு சேர்ந்தால்தான் மருந்தாகும், செடியோடு சேராது என்று அப்போது யார் சொன்னார்கள்? சட்டியிலிருந்து வந்த பண்டத்தை மொசைக் போட்டு மறைத்திருந்தார்கள்! பார்க்கவே கூடாத சாப்பாடு.

நிஜமாகவே வயிறு எரிந்தது பிற்பாடுதான். ககரிகோவில் வாங்கிய, பதுங்கி நடக்க உதவும் ஷீக்கா உடையைக் கடைசி நிலைக்கு ஏற்ற, ஒவ்வொரு துண்டுக்கும் 10 சைலண்ட் பிரின்சஸ் வேண்டும். முகமூடி, சட்டை, கால்சட்டை என்று மொத்தம் 30. ஹடேனோ ஊரில் ஆராய்ச்சியாளர் பூராவிடம் பலகையின் தேடும் கருவியை (சென்ஸார்) மேம்படுத்திக்கொண்டால் பூவை அது தேடிக் கொடுக்கும், சரி. ஆனால் அதற்கு முதலில் பூவைப் படம் எடுத்திருக்க வேண்டும். நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை, பார்த்ததையெல்லாம் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தேன். இரவில் நீலமாக ஏதோ மின்னுகிறது என்று ஒரு குன்று முழுக்க ஏறிப் போனால், அது ப்ளூ நைட்ஷேட் என்ற வேறு பூ. புதிதாக ஆடுகிறவர்கள் தயவுசெய்து படம் எடுத்துவிட்டுப் பறியுங்கள்.

*

பூ என்றாலே எனக்கு மாக்டாதான் ஞாபகம். ஹிலா ராவ் கோயிலைச் சுற்றிப் பூ நட்டு வைத்திருப்பாரே, அந்த அம்மா. முதல் முறை மிதித்தபோது கத்தினார். இரண்டாம் முறை இன்னும் பலமாக. மூன்றாம் முறை பேச்சே இல்லை, விழுந்தது அடி. கார்டியன் என்ற கொலைகார இயந்திரத்திடம்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

*

மாக்டாவிடம் நானும் வாங்கியிருக்கிறேன், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

இந்த முறை ஊற்றுப் பக்கம் இருக்கும் பூக்களைத் தொடாமல் விட்டு வைத்திருக்கிறேன். போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டு வருவேன். உடைக்கு 30 வேண்டும் என்பது இப்போது நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. படம் எடுத்தாயிற்று. நாளைக்குப் போய்ப் பறிக்க வேண்டியதுதான்.