கட்டிங் ஆயில்: 'உளிப்பாய்மம்' என்னும் சொல்லுக்கு ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இரும்பைக் கடையும்போதும் துளையிடும்போதும் உளிமுனையில் பாய்ச்சும் கட்டிங் ஆயிலுக்கு 'வெட்டுத்திரவம்' என்ற தமிழ்ச்சொல்லை நண்பர் ஒருவர் முன்வைத்திருந்தார். அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சப்படும் நீரே தகட்டை அறுக்கும் முறை இன்று வழக்கில் இருப்பதால், அச்சொல் அந்த நீருக்கே பொருந்தும். நாம் பெயர் தேடும் பொருளோ எதையும் வெட்டுவதில்லை; சூட்டைத் தணிக்கிறது, உராய்வைக் குறைக்கிறது, உலோகச் சுருளை அடித்துச் செல்கிறது, துருவைத் தடுக்கிறது. 'குளிர்விப்பான்' என்றாலும் இவற்றுள் ஒன்றுதான் பெயரில் ஏறும். ஆகவே அது பாயும் இடத்தைக் கொண்டு 'உளிப்பாய்மம்' எனலாம். தூவலாகக் காற்றோடு கலந்து செலுத்தும் முறையும் இருப்பதால், திரவம் என்பதைவிட, திரவம் வளிமம் இரண்டையும் குறிக்கும் பாய்மம் என்பதே சரி.

நீர் கலவாத வகையை 'உளிநெய்' என்றும், நீரில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு எண்ணெய் கலந்து வெளுத்திருக்கும் வகையை 'உளிப்பால்' என்றும் பிரிக்கலாம். பால்மரம் சீவிய குடும்பங்கள் வாழும் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் பால் என்றதும் ரப்பர்ப் பால்தான் நினைவுக்கு வரும். ஆனால் நீரில் நுண்துகளோ நுண்துளியோ மிதப்பதால் வரும் வெண்மை இரண்டுக்கும் பொது, ஒப்புமை பிழையன்று.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த சொல். வேளாண் கழிவிலிருந்து செய்யும் பாய்மத்தைக் 'கழிவெண்ணெய்' என்று சிலர் எழுதுகிறார்கள். பட்டறையில் கழிவெண்ணெய் என்றால் என்ஜினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய். 1917-இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை (பாமாயில் தரும் பனை) நடவு நடந்த தென்னமரம் தோட்டம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. செம்பனை ஆலையில் பிழிந்தெடுத்த பிறகும் நாரிலும் ஆலையின் கழிவுநீர்க் குளத்திலும் எண்ணெய் எஞ்சி நிற்கிறது. குளத்து எண்ணெயில் கொழுப்பு அமிலம் மிகுதி. அந்த அமில மூலக்கூற்றின் ஒரு முனை உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்வதால், உளிக்கும் இரும்புக்கும் இடையே மெல்லிய படலம் அமைகிறது. அமிலம் உலோகத்தை அரிக்கும் என்பது உண்மை. ஆயினும் காரம் சேர்த்தால் அதுவே சோப்பாகி, எண்ணெயை நீரில் பிரியாமல் நிறுத்திவைக்கிறது. சமையலுக்கு உதவாதென்று ஒதுக்கிய அமிலமே இங்கே வேலைக்கு வரும்போது, அதைக் கழிவு என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. (குளத்தில் மிதப்பதை அள்ளி அப்படியே ஊற்ற முடியாது. தூய்மைப்படுத்த வேண்டும், சூட்டில் காற்றுப்பட்டுப் பிசுபிசுக்கும் குணத்தையும் மாற்ற வேண்டும்.)

பழந்தமிழில் எஞ்சியதைக் குறிக்க 'மிச்சில்' என்ற சொல் உண்டு. 'மிச்சில்நெய்' என்றால் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வடிப்பதும் அதில் அடங்கும். மிச்சில் என்ற சொல் எச்சிலை நினைவூட்டுகிறது என்பது என் துணைவியாரின் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. 'ஆலைமிச்சில்' என்று முன்னொட்டுச் சேர்த்தால் அந்த நெருடல் குறையுமா என்று, பட்டறையில் நிற்பவர்கள் முதலில் சொல்ல வேண்டுகிறேன்.