தெனாரியஸ் காசின் பெண்ணுருவங்கள்: ‘பண்புருவகம்’ என்ற சொல் குறித்து

அன்புள்ள குழுமத்தாருக்கு,

ரோமானிய வெள்ளிக் காசான தெனாரியஸின் பின்புறத்தில் வரும் பாக்ஸ் (அமைதி), சாலுஸ் (நலம்), ஸ்பெஸ் (நம்பிக்கை) ஆகிய உருவங்களுக்குப் ‘பண்புருவகம்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அதன் இரு உறுப்புகளுமே எனக்கு இடறுகின்றன.

உருவகம் என்றால் நமக்கு அணியிலக்கணமே நினைவுக்கு வரும். ரோமானியரோ இவர்களை வழிபட்டார்கள்: கி.மு. 302இல் சாலுஸுக்குக் குயிரினால் குன்றில் கோயில் அமைந்தது. அகஸ்டஸ் காலத்தில், கி.மு. 9இல், பாக்ஸுக்குப் பலிபீடம் நேர்ந்தளிக்கப்பட்டது. பலி ஏற்ற தெய்வத்தை அணி என்று ஒதுக்குவது முறையாகாது. இனி, ‘பண்பு’ என்பது வெற்றியின் தெய்வமான விக்டோரியாவுக்குப் பொருந்தவில்லை. வெற்றி ஒரு நிகழ்வே தவிரப் பண்பன்று. கொற்றத்திலிருந்து கொற்றவையைப் பெற்ற மொழியில் இதற்குச் சொல் தேடித் தடுமாற வேண்டியதில்லை. ‘கருத்துத்தெய்வம்’ என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு.

ரோமானியரின் பெருந்தெய்வங்களான யூப்பிட்டர், யூனோ போன்றோருக்குப் பிறப்பும் மணமும் பூசலும் நிறைந்த கதைகள் உண்டு. கருத்துத்தெய்வங்களுக்கு அப்படிப்பட்ட கதை அரிது என்பதால், கையிலுள்ள பொருளையும் விளிம்பில் பொறித்த எழுத்தையும் கொண்டே அவர்களை அடையாளம் காண்கிறோம். ஸ்பெஸ் ஒரு கையில் பூவை ஏந்தி மறுகையால் ஆடையின் ஓரத்தைச் சற்றே தூக்கியபடி நடப்பாள். ஈக்விடாஸ் (நேர்மை) தராசு பிடித்திருப்பாள். சாலுஸ் பாம்புக்கு உணவூட்டுவாள்.

கி.மு. 211 அளவில் வெளிவந்த முதல் தெனாரியஸ்களின் முன்புறத்தில் தலைக்கவசத்துடன் காணப்படும் ரோமாவை இதில் சேர்க்க வேண்டாம். அவளுக்கு ‘நகர்த்தெய்வம்’ என்ற சொல்லே போதும், மதுராபதியை அறிந்தவர்க்கு அது புதிதுமன்று. பின்புறத்தில் குதிரையேறி வரும் இரட்டையரான காஸ்டரும் பொல்லுக்ஸும் கதையுடைய தெய்வங்கள்.

ஓர் எச்சரிக்கை மட்டும். கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைக்கும் பேரரசர் திபேரியஸின் தெனாரியஸில், வலக்கையில் நீண்ட கோலும் இடக்கையில் கிளையும் கொண்டு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவளைப் பாக்ஸ் என்பாரும், திபேரியஸின் தாய் லிவியா என்பாரும் உளர். சுற்றியுள்ள எழுத்து பேரரசரின் தலைமைக் குரு பட்டத்தைத்தான் சொல்கிறது, அவள் பெயரை அன்று. ஆகவே காசுப் பட்டியல்களில் அவ்வுருவத்தைக் ‘கருத்துத்தெய்வம்’ என்று உறுதிப்படுத்தாமல், ‘அமர்ந்த பெண்ணுருவம்’ என்றே பதியலாம்.