பெரிய திரையில் இறுதி ஆட்டம்: நாலு வயது மகளை எப்படி உட்கார வைப்பது?

மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. உலகக் கோப்பை கால்பந்து இறுதி ஆட்டத்தைப் பொதுத் திரையிடலில்தான் பார்ப்பேன் என்று மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். சிக்கல் சின்னவளிடம்.

அரையிறுதிக்குப் போனோம். குடும்பங்களுக்கென்றே ஒதுக்கிய பகுதிதான். முதல் கோல் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் எழுந்து கத்த, என் கழுத்தைக் கட்டிக்கொண்டவள் இடைவேளை வரை பிடியை விடவில்லை. பாதியிலேயே கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் மகன் வாயே திறக்கவில்லை.

சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் மாட்டியிருந்தேன்; பத்து நிமிடத்தில் கழற்றி மடியில் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, வெளியேறும் வழிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுதான். தோளில் தூக்கினால் பின்னால் இருப்பவர்கள் முறைக்கிறார்கள் (அதுவும் நியாயம்தானே). மதியம் தூங்கவைத்துக் கூட்டிப்போயும் பலனில்லை.

இறுதி ஆட்டத்துக்கு இன்னும் மூன்றே நாள். 90 நிமிடத்தில் முடிந்தால் சரி. சமனானால் கூடுதலாக 30 நிமிடம், அப்புறம் பெனால்டி வேறு. அவளை வீட்டில் விட்டுவர ஆளில்லை.

இந்த வயதுப் பிள்ளை ஹெட்போனைக் கழற்றாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?