மறு: டே ஃபார் நைட் – பொய்யிரவா, இரவாக்கமா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் குறும்படக் கையேடு நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது; அதில் 'டே ஃபார் நைட்' (பகலில் எடுத்து இரவாகக் காட்டுவது) பாடத்துக்குத் தமிழில் 'பொய்யிரவு' என்று பெயர் வைப்பதா, 'இரவாக்கம்' என்று வைப்பதா என்ற பேச்சை இன்றோடு முடித்தாக வேண்டும். குறும்படம் எடுக்க வரும் மாணவர்களிடம் விளக்கு வாடகைக்கும் ஜெனரேட்டருக்கும் காசு இருக்காது. வெளிப்புற இரவுக்காட்சியைப் பகலிலேயே எடுக்க அவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம் இது.

'பகலிரவு' வேண்டாம். உம்மைத்தொகை என்று தெரியாதவர்கூட பகலும் இரவும் என்றுதான் எடுத்துக்கொள்வார். பிரெஞ்சுக்காரர்கள் சொல்கிற 'அமெரிக்க இரவு' நமக்கு ஒட்டாது. 'அந்தி எடுப்பு' என்று எழுதிய நண்பருக்கு: அது வேறு வேலை. சூரியன் மறைந்தபின் வானத்தில் நீலம் மிஞ்சியிருக்கும் அந்த 20, 30 நிமிடத்தில் எடுப்பது அது, அப்போது தெருவிளக்கும் ஜன்னல் வெளிச்சமும் படத்தில் அழகாக விழும். நாம் பெயர் தேடுவது நல்ல வெயிலில் எடுப்பதற்கு. சூரியனை நடிகரின் முதுகுக்குப் பின்னால் வைத்து, வானம் ஃபிரேமுக்குள் வராமல் பார்த்து, ஒயிட் பேலன்ஸை (கேமராவின் நிற அமைப்பை) படம் நீலமாகும்படி 3200 கெல்வினுக்கு இறக்கி, எக்ஸ்போஷரை (கேமரா வாங்கும் வெளிச்சத்தை) 2 ஸ்டாப், அதாவது கால் பங்காக, குறைத்தால் வெயிலே நிலவாகிவிடும். எரிகிற விளக்கு எதையும் காட்டக் கூடாது; வெயிலில் அது சோகை பிடித்தாற்போல் தெரியும், குட்டு உடைந்துவிடும்.

குறளில் 'இரவு' 106ஆம் அதிகாரம், அங்கே அதற்குப் பொருள் கையேந்துதல், ஆகவே 'பொய்யிரவு' போலிப் பிச்சை ஆகிவிடும் என்று பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த வழியில் போனால் 'இரவாக்கம்' என்பதையும் இரவா + ஆக்கம் எனப் பிரித்து, கையேந்தாமல் சேர்த்த செல்வம் என்று உரை சொல்லலாமே ஐயா. மாணவர் யாரும் அப்படிப் பிரிக்கப் போவதில்லை.

பாரதப் போரில் சயத்திரதனை வீழ்த்தக் கண்ணன் தன் சக்கரத்தால் சூரியனை மறைத்ததைப் பெரியாழ்வார் பாடுகிறார். பகல் அப்படியே இருக்கிறது, பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் இருட்டிவிட்டது. கேமராவில் நாம் செய்வதும் அதேதான், 'பொய்' இல்லாமல் அதை எப்படிச் சொல்வது? பொய் என்றால் தொழிலுக்கு மரியாதைக் குறைவு என்கிறார்கள். பொய்க்கால் குதிரை ஆடுகிறவரை யாராவது பொய்யர் என்றார்களா?

படப்பிடிப்பில் எல்லோரும் டே ஃபார் நைட் என்றுதான் சொல்வார்கள், அப்படியே விட்டுவிடலாம் என்ற கருத்தும் வந்தது. அந்தச் சொல்லும் கையேட்டில் இருக்கும், வேலைக்குப் போனால் அதுதானே காதில் விழும். ஆனால் முதல்முறை கேட்கிறவருக்கு விளக்கம் இல்லாமலே புரிய ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

சரி, 5 பேர் 'இரவாக்கம்' என்கிறார்கள், 'பொய்யிரவு' பக்கம் நாங்கள் 2 பேர். தலைப்பில் இரவாக்கம் என்றே போடுகிறேன். எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. இரவிலேயே விளக்கு வைத்து எடுப்பதும், எடுத்த படத்தை எடிட்டிங்கில் நிறம் மாற்றி இருட்டாக்குவதும் இரவாக்கம்தானே, பகல் என்ற சேதியே அந்தச் சொல்லில் இல்லையே? பாடத்துக்குள் ஓரிடத்தில் பொய்யிரவு என்றும் எழுதியிருக்கிறேன், அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.